முதல் மிட்டாய் யாருக்கு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆமத்தூரிலிருந்து கிளம்பி வந்து, சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டி, பட்டாசுக்குத் திரி செருகி, கடைசியில் நாரணாபுரம் பக்கம் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்தவன். இதை எந்தச் சபையிலும் சொல்வேன், கூச்சமே கிடையாது. பீடியை ஒரே நாளில் விட்டேன். சீனியையும் அப்படித்தான் விட்டேன். போன சித்திரையில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இனிமேல் இனிப்பு கூடாது என்றார். அன்று சாயங்கால டீயிலிருந்தே சீனி கிடையாது. கல்யாண வீட்டில் கேசரி வைக்க வருகிறவரைக் கையால் தடுத்து, பக்கத்து இலைக்காரருக்கும் கேட்கிற மாதிரி காரணத்தைச் சொல்வேன். "எப்படித்தான் இருக்கீகளோ" என்று நாலு பேர் அதிசயப்பட்டால், அதுவே எனக்கு ஒரு பந்திச் சாப்பாடு.

யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. என் மச்சினன்மேல் எனக்கு வயிற்றெரிச்சல்.

என் வீட்டுக்காரியின் தம்பி அவன். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவன். கம்பெனியில் எனக்குக் கூட்டாளி. தினமும் தின்பான். அல்வா, லட்டு, பால்கோவா என்று ஒன்றையும் விடமாட்டான். அவனுக்கும் அதே டாக்டர்தான். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். காட்டாமல் இருந்திருக்கலாம்.

நான் சும்மா இருந்தேனா என்றால், அதுவும் இல்லை. அவன் ஆபீஸில் பொட்டலத்தைப் பிரித்தால் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

"என்ன மாப்ள அது?"

"அல்வா அத்தான். நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கோங்க."

"பாத்தா சீனி ஏறிருமாலே? நெய் எப்படி இருக்கு, அதச் சொல்லு."

"தொண்டையில எறங்குறதே தெரியல."

"முந்திரி?"

"கெடக்கு."

"வறுத்ததா, பச்சையா?"

"அத்தான், நீங்க என்னயத் திங்கவிட மாட்டீக போல."

கேட்கக் கேட்க எனக்கு நாக்கு ஊறும், நெஞ்சு எரியும். மறுநாளும் கேட்பேன்.

தீபாவளி நெருங்கியதும் விஷயம் பெரிதானது. கடைசி வேலை நாளன்று, வேன் ஏறுவதற்கு முன்னால், வேலைக்காரர்கள் எல்லோருக்கும் கருப்பட்டி மிட்டாயும் காராச்சேவும் டப்பாவில் போட்டுக் கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். மிட்டாய் விருதுநகரில் ஒரு மாஸ்டரிடம் ஆர்டர். அவர் முதல் ஈட்டை, அவர் பேச்சில் முதல் அடுப்பை, இறக்கியதும், அச்சில் வீணாய்ப்போன காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதில் முதல் மிட்டாயை வைத்து எனக்கு நீட்டுவார். நான் தின்று பார்த்துச் சரி என்றால்தான் மற்ற அடுப்பு எரியும். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். என் நாக்குக்கு அந்த மரியாதை இருந்தது. கருப்பட்டியில் சீனி கலந்திருந்தால், எண்ணெய் பழசாக இருந்தால், சுக்கு குறைந்திருந்தால் ஒரே கடியில் சொல்லிவிடுவேன்.

இந்த வருடமும் போனேன். மச்சினனும் கூட வந்தான், நான் கூப்பிடவில்லை. மாஸ்டர் சட்டியிலிருந்து மிட்டாயை அள்ளி, பாகில் முக்கி எடுத்து, தாளில் வைத்தார். தாளில் பாதி நிறம் மட்டும் விழுந்த ஒரு முருகர் படம். மாஸ்டர் என்னைப் பார்த்தார், பிறகு தாளை மச்சினன் பக்கம் நீட்டினார்.

"பெரிய மொதலாளி இனிப்ப நிப்பாட்டிட்டாகன்னு ஊரே சொல்லுது. நீங்க பாருங்க."

ஊருக்குச் சொன்னது நான்தான். யாரைக் குறை சொல்ல?

அவன் கடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். "அருமை மாஸ்டர். அடுப்பப் பத்த வைங்க" என்றான்.

"இரு" என்றேன். தாளில் இருந்த மீதியை எடுத்து ஒடித்தேன். பட்டாசு மருந்தை நாங்கள் வாயில் வைத்தா பார்க்கிறோம்? காய்ந்திருக்கிறதா, கலவை சரியா என்பதெல்லாம் விரலில் தேய்த்தால் தெரிந்துவிடும். அதே மாதிரி பாகைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனேன்.

"பாகு முறுகிருச்சு. இந்த அடுப்பு வேணாம்."

மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. "சாப்பிடாமலே எப்படிச் சொல்றீக மொதலாளி?"

"விரல் சொல்லுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அத்தான்."

"ஒனக்கு எது தெரிஞ்சுது?"

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே புதுக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு வேறு பாகு காய்ச்சினார். என் இரண்டு விரலிலும் பழைய பாகு ஒட்டியிருந்தது. வாய் இருக்கிற இடம் ஒரு சாண் தூரம். முருகர் படத்திலேயே விரலைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். இரண்டாவது அடுப்பு மிட்டாயை மச்சினன்தான் தின்று பார்த்து ஒத்துக்கொண்டான்.

கடைசி வேலை நாள் வந்தது. வேன்கள் வரிசையாக நின்றன. ஒரு காலத்தில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து திரி செருகிய அக்கா ஒருத்தி இப்போதும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறாள். என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள். டப்பாவை வாங்கியதும் அங்கேயே பிரித்து, ஒன்றை வாயில் போட்டாள்.

"எந்த வருசமும் இம்புட்டு ருசி இல்ல தம்பி. சின்ன மொதலாளிதான் தின்னு பாத்தாகளாம்ல, அவுக நாக்கு நாக்குதான்."

"அக்கா, அத நான்தான்…"

"நீ எங்கன தின்ன? ஒரு பருக்க கூடத் தொடலன்னு சித்திரையிலருந்து நீ சொல்லிச் சொல்லி எங்க காதே புளிச்சுப்போச்சு."

வேனில் ஏறிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் வாய் நிறைய மிட்டாய். விழுங்கிவிட்டுச் சொல்லுவான் என்று காத்திருந்தேன். விழுங்கினான். "ஆமாக்கா" என்றான். இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

வேன்கள் போன பிறகு கேட்டே விட்டேன்.

"மொத அடுப்பத் திருப்பினது யாரு மாப்ள?"

"நீங்கதான்."

"அத ஏன் அங்கன சொல்லல?"

அவன் பாதி கடித்த மிட்டாயோடு என்னைப் பார்த்தான். "எனக்கு மொத அடுப்பும் நல்லாத்தான் இருந்துச்சு அத்தான். நெசமாச் சொல்லுங்க, அதுல என்ன குறை?"

பாகு, எண்ணெய், சுக்கு என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பாகு கொஞ்சம் இறுகித்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் தின்றிருந்தால் அதைத் திருப்பியிருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை.

"நீ அருமைன்னு சொன்ன. அதான் குறை."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பாதி மிட்டாயை டப்பாவின் மூடிமேல் வைத்தான்.

"அடுத்த வருசம் நீங்களே போங்க அத்தான். நான் வரல."

நான் ஆசைப்பட்டதைத்தான் கொடுத்தான். அதை வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மாஸ்டர் முன்னால் தனியாகப் போய் நின்று, விரலைத் தேய்த்துவிட்டு, தின்னாமல் திரும்பி வருவதா?

"நீயும் வா" என்றேன். "நீதான் திங்கணும். ஆனா தாள் மொதல்ல என் கைக்கு வரணும். நான் ஒடிச்சுப் பாத்துக் குடுத்த பெறகுதான் நீ வாயில போடணும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

சரி என்றான். மூடிமேல் வைத்திருந்த பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மென்று முடிக்கும் வரை அவன் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.