கந்தவனத்தின் இடது கையில் இருந்த பெயர்

ஸ்கந்தபுரத்தில் சிவலட்சுமியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய பெயர் எங்கே எழுதப்பட்டிருந்தது என்பதைத் தெரியாதவர்கள் இல்லை. அது அவருடைய தகப்பன் கந்தவனத்தின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, பச்சை குத்தப்பட்டிருந்தது.

கந்தவனம் கொடிகாமத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையில் பட்டாளத்துக்குப் போய், எகிப்தில் வாகனம் ஓட்டி, திரும்பி வந்து கலியாணம் முடித்தவர். பிறகு, குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்ட வந்த ஆட்களோடு தானும் ஒரு கத்தியைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்து சேர்ந்தவர். மூத்தவர் சிவலட்சுமி. அவருக்குப் பிறகு சின்னராசா, கடைசியாகப் பத்மாசனி.

பிள்ளைகள் மூவராக இருந்தும் கையில் இருந்தது ஒரு பெயர்தான். சின்ன வயதில் சிவலட்சுமி அந்த எழுத்துகளை விரலால் தடவி, "இது ஆரின்ர பேர் ஐயா?" என்று கேட்பார். "உன்ர பேர்தான் பிள்ளை" என்பார் கந்தவனம். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு சிவலட்சுமி எழுபது வருடம் ஆட்சி நடத்தினார். மீன் தலை அவருக்கு. சைக்கிளின் முன் பாரில் இருக்கும் உரிமை அவருக்கு. காணி பிரித்தபோது வாய்க்காலை ஒட்டிய துண்டும் அவருக்குத்தான். தம்பி முகத்தைச் சுழித்தால், "ஐயா உன்ர பேரைக் குத்த மறந்தே போனவர்?" என்று கேட்பார்.

கந்தவனம் இறந்தபோது, உடலைக் கிடத்திய ஆட்கள் கைகளை நெஞ்சில் சேர்த்து, வலது கையை மேலே வைத்துவிட்டார்கள். சிவலட்சுமி ஒப்பாரியை நிறுத்தினார். இடது கையை எடுத்து மேலே வைத்தார், எழுத்து வெளியே தெரிகிறதா என்று பார்த்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்.

சின்னராசாவுக்கும் ஒரு பெருமை இல்லாமல் இல்லை. ஐயா எகிப்தில் ஒரு ஜெனரலுக்குக் கார் ஓட்டினார் என்பது அவருடைய சொத்து. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் உர மானியத்தைப் பற்றிக் கதைக்க எழும்பினாலும் அந்த ஜெனரல் எப்படியாவது உள்ளே வந்துவிடுவார்.

இந்த இரண்டு பெருமைகளும் தம் பாட்டுக்குக் கிடந்திருக்கும். லண்டனில் இருந்த சின்னராசாவின் மகன் பிரசாந்தன்தான் கிளப்பிவிட்டான். அவனுக்கு வம்சாவளி தேடும் பைத்தியம் பிடித்திருந்தது. பழைய பட்டாளத்து ஆட்களின் சேவைப் பதிவுகளைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதிக் கேட்டால் எடுக்கலாம் என்று எங்கேயோ அறிந்து, அப்பப்பாவின் இறப்புச் சான்றிதழையும் பட்டாளத்து இலக்கத்தையும் அனுப்பச் சொன்னான். சான்றிதழின் பிரதியைச் சின்னராசா பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடந்து எடுத்தார். இலக்கம்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பத்மாசனிக்கு நினைவு வந்தது.

"ஐயா மாட்டுக்குக் குறி சுட்ட இலக்கம் ஒண்டு இருக்கே? அது பட்டாளத்து இலக்கம் எண்டு அம்மா சொல்லுறவாவெல்லோ!"

அப்படி, எப்போதோ செத்துப்போன மாடுகளின் தொடையில் இருந்த இலக்கம் லண்டனுக்குப் போனது.

பல மாதங்களுக்குப் பிறகு பதிவு வந்தது. பிரசாந்தன் அதை வட்சப்பில் சிவலட்சுமியின் மகள் ஜெயரூபிக்கு அனுப்பினான். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பிப்பவள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சிவலட்சுமியின் வீட்டு விறாந்தையில் கூடினார்கள். சின்னராசா கோயிலுக்குப் போவதுபோல வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்.

"ஜெனரலின்ர பேர் என்னெண்டு போட்டிருக்கு பிள்ளை?"

"ஜெனரல் ஒருத்தரும் இல்லை மாமா. தண்ணி ஏத்திற பவுசர் ஓடினவர் எண்டுதான் கிடக்கு."

"கீழை பார்."

ஜெயரூபி கீழே பார்த்தாள். கீழே ஒரு தண்டனை இருந்தது. பட்டாளத்து வாகனத்தில் அனுமதியில்லாமல் ஓர் ஆட்டை ஏற்றிக்கொண்டு போனதற்காகக் கந்தவனத்தை முகாமைவிட்டு வெளியே விடாமல் மறித்து வைத்திருக்கிறார்கள்.

சிவலட்சுமி சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. "பாத்தியே தம்பி, உன்ர ஜெனரலுக்குக் கொம்பும் இருந்திருக்கு!"

சின்னராசா வேட்டியைச் சரிசெய்தார். வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

"அடையாளங்கள் எண்டு ஒரு இடம் இருக்கம்மா," என்றாள் ஜெயரூபி. "இடது கையிலை பச்சை குத்தின பேர். சிவலட்சுமி."

"உரத்து வாசி. மாமாவுக்குக் கேக்கேல்லை."

ஜெயரூபி உரத்து வாசித்தாள். சிவலட்சுமி கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டார். அவருடைய கணவர் ராஜரத்தினம் இவ்வளவு நேரமும் மூலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர். அதிகம் பேசமாட்டார். பேசுகிற அன்றைக்குப் பேசாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

"அது எந்த வருசத்துத் தாள் பிள்ளை?"

"நாப்பத்திரண்டு அப்பா. அம்மப்பா பட்டாளத்திலை சேரேக்கை எழுதினது."

ராஜரத்தினம் மனைவியைப் பார்த்தார். "நீர் பிறந்தது ஐம்பத்தொண்டிலையெல்லோ?"

சின்னராசாவின் முகம் மெல்ல மெல்ல வெளிச்சமானது. "அக்கா," என்றார் அவர், மிகவும் அன்பாக. "ஐயாவுக்குச் சாத்திரமும் தெரிஞ்சிருக்கு."

அன்றைக்கே சிவலட்சுமி தகப்பனோடு கோபித்துக்கொண்டார். தகப்பன் செத்துக் கனகாலமாகிவிட்டதால் அந்தக் கோபத்தை ராஜரத்தினம் வாங்கவேண்டியதாயிற்று. தேத்தண்ணியில் சீனி இல்லை. கேட்டதற்கு, "அதையும் கணக்குப் பாத்துக் கண்டுபிடியுங்கோ" என்று பதில் வந்தது. உண்மையில் சிவலட்சுமியைக் குடைந்தது வேறு. அம்மா ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மூத்தவள்" என்பா, "பிள்ளை" என்பா. கோபம் வந்தால் "உவள்". பெயர் மட்டும் அந்த வாயில் வரவே இல்லை. யாரோ ஒருத்தியின் பெயரை இத்தனை வருடம் தான் சுமந்து திரிந்திருக்கிறேனோ?

பதிவில் இன்னொரு வரியும் இருந்தது. முந்திய தொழில்: லொறி கிளீனர். முதலாளி: விசுவலிங்கம், கொடிகாமம். சிவலட்சுமி அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல சீலை ஒன்றைக் கட்டி, ராஜரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு கொடிகாமத்துக்கு பஸ் ஏறினார்.

விசுவலிங்கத்தின் பேரன் சுதாகரன் அங்கே சந்தைக்குக் கிட்ட இரும்புச் சாமான் கடை வைத்திருந்தான். மரியாதையான பிள்ளை. இருவருக்கும் கதிரை போட்டு, சோடா வாங்கிக் கொடுத்தான். சிவலட்சுமி தன் பெயரைச் சொல்லவில்லை. கந்தவனத்தின் மகள் என்று மட்டும் சொல்லி, மழை, மாங்காய், சந்தை விலை என்று ஊரைச் சுற்றி வந்து, பிறகு யாரோ சொல்லக் கேட்டதுபோலக் கேட்டார்:

"தம்பி, அந்த நாளையிலை உங்கட பக்கத்திலை சிவலட்சுமி எண்டு…"

"சிவலட்சுமியோ?" சுதாகரனின் முகம் மலர்ந்தது. "அதை ஆர் அம்மா மறப்பினம்! எங்கட அப்பப்பாவுக்கு அது எண்டால் உயிர். விடிய எழும்பினால் அதின்ர முகத்திலைதான் முழிப்பாராம். அப்பாச்சிக்குக் கண்ணிலையும் காட்டேலாது."

"காட்டேலாதுதானே," என்றார் சிவலட்சுமி, தன் அம்மாவை நினைத்து. "எங்கட ஐயாவுக்கும் பழக்கமோ?"

"கந்தவனம் ஐயாவோ? அவர்தானே அதைக் குளிப்பாட்டுறது! அதுக்குள்ளையே படுத்து எழும்பினவர் எண்டு அப்பா சொல்லுறவர்."

சிவலட்சுமிக்குக் கடைசி வசனம் விளங்கவில்லை. முதல் வசனமே போதுமானதாக இருந்தது. சோடாப் போத்தலைக் கீழே வைத்தார்.

"பிறகு? என்ன நடந்தது?"

"கடைசி காலத்திலை சரியான சீரழிவு. உந்தப் பின் வளவுக்கைதான் கன வருசமாக் கிடந்தது. மழை, வெயில் எல்லாம் அதுக்கு மேலைதான்."

"ஒரு கொட்டில்கூடப் போட்டுக் குடுக்கேல்லையோ?"

"போட்டது, காத்துக்குப் பறந்திட்டுது. பிறகு ஒருத்தரும் கவனிக்கேல்லை. அடிப்பக்கமெல்லாம் ஓட்டை. கோழியள் உள்ளுக்கை போய் முட்டை இட்டது."

யார் பெற்ற பிள்ளையோ என்று சிவலட்சுமி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது. ராஜரத்தினம் சோடாவைக் குடித்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"தம்பி, அதுக்கு எத்தினை சில்லு?"

"நாலு ஐயா. கடைசியிலை ஒண்டும் இல்லை. அதுகளைக் கழட்டி வித்தாச்சு."

சிவலட்சுமி சிரிக்கத் தொடங்கினார். கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லொறி! ஐயா குளிப்பாட்டியது லொறியை. படுத்து எழும்பியது லொறிக்குள். பெயர் குத்தியதும் லொறிக்காக. நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய வேகத்தில், தான் ஒரு லொறியின் பெயரை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் மீன் தலை சாப்பிட்டது என்பதுகூட அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

சுதாகரன் உள்ளே போய் ஒரு படத்தைக் கொண்டுவந்தான். பழைய மூக்கு நீண்ட லொறி. முன் கண்ணாடிக்கு மேலே பலகையில் 'சிவலட்சுமி' என்று பூ எழுத்து. முன்னால் கோட்டுப் போட்ட விசுவலிங்கம் முதலாளி, பக்கத்தில் சாரதி. மிதிபலகையில் ஒரு காலை வைத்து, கதவை ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய ஒரு இளந்தாரி.

"ஐயா," என்றார் சிவலட்சுமி.

வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் கடைசிச் சண்டையில், கடற்கரை மணலில் விட்டுவந்த பெட்டியோடு போய்விட்டன. அதற்குப் பிறகு தகப்பனின் முகத்தை அவர் பார்த்ததில்லை. இந்த முகத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை. இப்படிச் சிரிக்கிற வயதில் அவரைப் பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை. சிவலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். சுதாகரன் படத்தைக் கடதாசியில் சுற்றி, "நீங்கள் கொண்டுபோங்கோ அம்மா, எங்களிட்டை வேறை இருக்கு" என்றான்.

அதோடு எழும்பி வந்திருக்கலாம். ராஜரத்தினத்துக்கு இன்னொரு கேள்வி இருந்தது.

"லொறிக்கு ஏன் தம்பி அந்தப் பேர் வைச்சது?"

"அது அப்பாவின்ர அக்காவின்ர பேர் ஐயா. அந்த நாளையிலை கொடிகாமத்திலை அவா மாதிரி வடிவு ஒருத்தரும் இல்லையாம். சண்டை துவங்க முதல் பினாங்குக்குக் கலியாணம் கட்டிக் குடுத்திட்டினம். கந்தவனம் ஐயாவும் அதுக்குப் பிறகு இஞ்சை நிக்கேல்லை, பட்டாளத்துக்குப் போட்டார்."

சிவலட்சுமி கணவனைப் பார்த்த பார்வையில் கடையிலிருந்த தகரமெல்லாம் கறள் பிடித்திருக்கும்.

பஸ் பரந்தன் தாண்டியதும் சிவலட்சுமி கணவன் பக்கம் திரும்பினார்.

"இஞ்சருங்கோ. வீட்டை போய் லொறி எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"மற்றது?"

"மற்றது எண்டு ஒண்டும் இல்லை."

"கேட்டால்?"

"உங்களை ஆர் கேக்கிறது?"

அது உண்மைதான். ராஜரத்தினம் தலையாட்டினார்.

சிவலட்சுமி மடியில் இருந்த படத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். லொறி என்று சொன்னால் சின்னராசா சாகும்வரை சிரிப்பான். சிரிக்கட்டும். அம்மா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அந்த மனுசனுக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட்டவ. ஒருநாளாவது யார் என்று கேட்டாவோ, இல்லையோ, அது அவாவுக்கும் அவருக்கும் இடையில். அதைச் சின்னராசா இப்போது விறாந்தையில் இருந்து கேட்கத் தேவையில்லை.

சின்னராசா சிரித்தார். நினைத்ததைவிட அதிகமாகச் சிரித்தார். அக்கா முற்றத்தில் பின்னுக்கு நடந்தால், "றிவேஸ் பாத்து எடுங்கோ" என்றார். கோயிலடியில் அவரைக் கண்டால் வாயால் ஹோர்ன் அடித்தார். ஜெனரல் போன இடத்தை லொறி நிரப்பியது. கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலும் அதைச் சொன்னார் என்று கேள்வி. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கும் சிவலட்சுமி இதற்கு மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஓம், லொறிதான். அதுக்கென்ன?" என்பதோடு விட்டார். அக்காவுக்கு வயது போய்விட்டது என்று சின்னராசா உள்ளுக்குள் கொஞ்சம் கவலைப்பட்டார்.

ஆவணி மாதம் பிரசாந்தன் லீவில் வந்தான். கந்தவனத்தின் திவசம் அந்த வருடம் சிவலட்சுமியின் வீட்டில் நடந்தது. அவன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவதாகச் சொல்லி, கைத்தொலைபேசியில் விரலால் இழுத்துக் காட்டினான்.

"மாமி, மற்ற ஆக்களையும் லொறியையும் வெட்டிப்போட்டு அப்பப்பாவை மட்டும் எடுப்பமோ?"

"லொறியை வெட்டினால் ஐயா எதிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறது? விழுந்திடுவார். அப்பிடியே விடு மோனை."

ஆகவே படம் முழுதாகவே வந்தது. ஐயர் படத்துக்கு முன்னால் இருந்து, கோட்டுப் போட்ட விசுவலிங்கத்தைக் கும்பிடப் போனார். "அவர் இல்லை ஐயா, தொங்கிற ஆள்," என்று பத்மாசனி திருத்தினார். மாலை பெரியது. எப்படிப் போட்டாலும் லொறிக்கும் சேர்த்தே விழுந்தது. எள்ளும் தண்ணீரும் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தனவோ தெரியாது.

பந்தியில் பிரசாந்தன் சந்தோசமாக இருந்தான். "மாமி, பதிவு ஒண்டிலையிருந்து எவ்வளவு விசயம் வந்திட்டுது பாத்தீங்களே. இனி அந்தக் காலத்துக் கொடிகாமத்து ஆக்களையும் முழுசாத் தேடிப் பாப்பம் எண்டு…"

"என்னத்தை மோனை தேடுறது? அங்கை வேறை ஒருத்தரும் பட்டாளத்துக்குப் போகேல்லை," என்று சொல்லி, சிவலட்சுமி அவன் இலையில் இரண்டு அகப்பை சோற்றைப் போட்டு, அவன் வேண்டாம் என்று கை மறிக்க மறிக்கப் பாயாசத்தையும் ஊற்றினார். ராஜரத்தினம் எதிர்ப்பக்கத்தில் இருந்து தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தார். சிவலட்சுமி அவருடைய இலையில் ஒரு வடையை வைத்தார்.