செவ்வாயில் பாடாத பாட்டு

மெம்பிஸ் நகரின் தென்பகுதியில் வெர்லீன் டப்ஸ் நாற்பது வருடம் முதியோர் இல்லத்தில் படுக்கைப்புண் துடைத்தவர். அதற்கு முன்பு வீட்டு வேலைக்காரி. அந்த வேலைக்காரி நாள்களில் ஒரே ஒரு பாட்டுக்கு, தோழி ஓஸெல்லாவுடன் பின்குரல் பாடினார். பாட்டு நாடெங்கும் ஓடியது. இருவர் பெயரும் எங்கும் வரவில்லை. போன குளிர்காலத்தில் ஓஸெல்லா இறந்தாள். கடைசி மாதம் அவளைக் குளிப்பாட்டியது வெர்லீன்தான். "ரேடியோல ஒரு தடவை நம்ம பேரு வந்தா போதும்டி" என்று கேட்டுக்கொண்டேதான் ஓஸெல்லா கண்மூடினாள்.

ரிதம் அண்ட் ப்ளூஸ் என்னும் கறுப்பின இசையின் வரலாற்றில் அந்தந்தத் தேதியில் நடந்ததை உள்ளூர் வானொலியில் தினமும் படிப்பவர் கெயின்ஸ். மறுநாள், மார்ச் 14, அந்தப் பாட்டு பதிவான நாளென்று அதன் முறை. வெர்லீன் அவரை வீட்டுக்கு வரவழைத்தார்.

"ஸ்டூடியோ தாள்ல 1961 மார்ச் 14, பின்குரல் நாஷ்வில்லேர்ந்து வந்த சகோதரிகள்னுதான் இருக்கு, மிஸ் வெர்லீன்."

"அன்னிக்கு என்ன கிழமை, தம்பி?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை நாங்க வெள்ளைக்காரங்க வீட்டுல துணி தேய்ச்சிட்டிருப்போம். வேலைக்காரிங்களுக்கு வியாழன்தான் லீவு. ஒன்பதாம் தேதி வியாழன் பாடினோம். அந்தச் சகோதரிங்க பதினாலாம் தேதி வந்து இசைத்தட்டோட மறுபக்கத்துப் பாட்டுக்குப் பாடினாங்க. ரெண்டையும் ஒரே தாள்ல எழுதிட்டாங்க."

"நீங்க சொல்றதை நம்புறேன். ஆனா ஆதாரம்?"

வெர்லீன் தன் தேவாலயச் சபையிலிருந்து வாங்கிவந்த பழைய பதிவேட்டைத் திறந்து வைத்தார். 1961 மார்ச் 12, ஞாயிறு: தேவனைப் பாடாமல் உலகப் பாட்டுப் பாடிய குற்றத்துக்காக ஓஸெல்லா மேய்ஸ், வெர்லீன் டப்ஸ் இருவரும் பாடகர் குழுவிலிருந்து நீக்கம்.

"பதினாலாம் தேதி பாடப்போறவங்களுக்கு பன்னெண்டாம் தேதியே தண்டனை குடுக்க, எங்க பாஸ்டர் என்ன தீர்க்கதரிசியா?"

கெயின்ஸ் சிரித்துவிட்டார். பிறகு தயங்கினார். "இதைப் படிச்சா நீக்கினதையும் சொல்லணுமே. சபை முழுக்கக் கேக்கும்."

"கேக்கட்டும். அன்னிக்கு எங்களை எழுப்பி நிறுத்தினப்பவும் சபை முழுக்கத்தான் கேட்டுச்சு."

"சரி. ஆனா ஒன்பதாம் தேதி போயிடுச்சே. அடுத்த வருஷம்..."

"எனக்கு எண்பத்து மூணு. நாளைக்கே திருத்தம்னு படிங்க. ஓஸெல்லா பேரு முதல்ல."

மறுநாள் காலை வெர்லீன் கெளுத்தி மீனுக்குச் சோளமாவு தடவிக்கொண்டிருந்தார். வானொலியில் திருத்தம் வந்தது. ஓஸெல்லா மேய்ஸ், பிறகு அவர். தண்டனையும் வந்தது. மாவுக் கையைத் துடைத்துவிட்டு வானொலியை அணைத்தார். சட்டியில் எண்ணெய் காய்ந்திருந்தது.