உலையில் வெறும் தண்ணீர்

திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் எங்களுக்கிருந்த நிலம் முழுக்க அப்பா பருத்தியே போட்டார். பருத்தி கப்பலேறி ஜப்பானுக்குப் போனது. அரிசி ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. ஒரு மூலையிலாவது கம்பு விதைக்கச் சொல்லி அம்மா கெஞ்சினாள். "கம்பங்கஞ்சி குடிக்க நம்ம என்ன பஞ்சத்துலயா கெடக்கோம்?" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், அந்தக் கப்பல்களால்தான் எங்கள் கூரை வீடு ஓட்டு வீடானது. கம்பு என்றால் முகம் சுளிக்கும் பவுசு எனக்கும் வந்தது.

யுத்தம் வந்து இரண்டு கப்பலையும் நிறுத்தியது. வண்டி கட்டி அருப்புக்கோட்டைக்குப் போன அப்பாவிடம் கமிஷன் கடைக்காரர், "நம்ம மேல குண்டு போட வாரவனுக்கு எப்படிய்யா பருத்தி அனுப்புறது?" என்று கேட்டாராம். அப்பா பருத்தியோடு திரும்பினார். ரங்கூனும் ஜப்பான்காரன் கையில் விழுந்துவிட்டது என்றார்கள். எவனோ எவனையோ அடித்துக்கொண்டால் எங்கள் பானை எதற்குக் காலியாக வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீடு முழுக்கப் பருத்தி. ஒரு பொறி பட்டால் போதும், எல்லோரும் சாம்பல். பயந்துபோய் அம்மா அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்தாள். தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். அதனால் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பது ஊருக்கே தெரிந்தது. அரிசி தீர்ந்த பிறகு முருங்கைக்கீரையை அவித்துத் தின்று நாளைத் தள்ளினோம். ஆனாலும் அம்மா மானத்துக்குப் பயந்து, காலையில் காய்ந்த செடிக் குச்சியான பருத்திமாரை எரித்து வெறும் தண்ணீரை உலையாகக் கொதிக்கவைத்தாள். யாராவது மூடியைத் திறந்துவிடுவார்களோ என்று நான் பக்கத்திலேயே காவல் இருந்தேன்.

ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி கைப்பிள்ளையோடு கும்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வாசலிலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"மதினி, பிள்ளைக்குக் கொஞ்சம் கஞ்சித்தண்ணி குடுங்க. எங்க வீட்ல வேக நேரமாகும்."

"இப்பத்தான் உலை வச்சேன்" என்றாள் அம்மா.

"வேகட்டும், இருக்கேன்."

உட்கார்ந்துவிட்டாள். அம்மா மாரை ஒடித்து ஒடித்து அடுப்பில் வைத்தாள். பிள்ளை அழுது அழுது மடியிலேயே தூங்கிப்போனது. தண்ணீர் வற்றிப் பானை தீயும் வாடை வந்தது. அப்போதும் அம்மா மூடியைத் தொடவில்லை.

எதிர்வீட்டுக்காரி எழுந்தாள். "அடுப்ப அமத்திருங்க மதினி. மாராவது மிஞ்சட்டும். நானும் போயி அமத்துறேன்" என்றாள்.

அதுவரை மற்ற வீடுகளிலாவது சோறு இருக்கிறது என்று நம்பியிருந்தேன். மறுநாள் காலையில் தெருவில் ஒரு வாசலிலும் புகை இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.