அரியலூர்ச் சந்தையில் ஒரு சேலை

நண்பர்களே, இன்று ஏலாக்குறிச்சி ஆசிரியர் அருளப்பனுடன் அரியலூருக்குப் போய்வந்தேன். அவர் மகளுக்குத் திங்கட்கிழமை திருமணம். தாய்வீட்டுச் சேலைதான் இன்னும் கிடைக்கவில்லை.

யுத்தத்தால் ஜவுளிக் கட்டுப்பாடு வந்தபின் கடைகளின் நிலை உங்களுக்கே தெரியும். சர்க்கார் கொடுத்த துணிக் கூப்பனை நீட்டிய இடமெல்லாம், "துணி வரலீங்க சார்" என்ற ஒரே பதில்தான்.

மனம் தேறட்டும் என்று சந்தையில் பந்து உருட்டும் பந்தயக் கடைக்கு அவரை அழைத்துச் சென்றேன். கோட்டுக்குப் பின்னால் நின்று பந்தை உருட்டி, மரக்கட்டைகள் அனைத்தையும் ஒரே முறையில் சாய்க்கவேண்டும். பரிசாகக் கொடியில் தொங்கியது ஓர் அரக்கு நிறச் சேலை!

அருளப்பன் உருட்டினார். எல்லாம் விழுந்தன. கடைக்காரர் சேலையைக் கொடியிலிருந்து உருவினார்.

"அவர் கால் கோட்டைத் தாண்டியிருந்தது" என்றேன்.

"நானே பாக்கல, உங்கள யாருங்க கேட்டா?" என்றார் கடைக்காரர். ஆனால் சுற்றி நின்றவர்கள், "அப்பச் செல்லாதுல்ல" என்று கூச்சலிட, சேலை கொடிக்கே திரும்பியது. அதன்பின் எத்தனை முறை உருட்டியும் கட்டைகள் ஒருசேர விழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அருளப்பன், "பொண்ணு பழைய சேலையையே வெளுத்து உடுத்திக்கட்டும், விடுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டத்தின் விதி விதிதான் என்று கருதுவோர் உங்களில் யாரேனும் இருந்தால், திங்கட்கிழமை என்னுடன் ஏலாக்குறிச்சிக்கு வாருங்கள். அந்தப் பெண்ணின் முன் தனியாகப் போய் நிற்க எனக்குத் துணிவில்லை.