ஹெல்மெட்டுக்கு எச்சில் வைத்தியம்

மாரி மழை தொடங்கிவிட்டால் எனக்கு இரண்டு கண்ணாடிகளோடு சண்டை. ஒன்று மூக்கில் இருப்பது, மற்றது ஹெல்மெட்டில் இருப்பது. நகரத்திலிருந்து கிண்ணியாவுக்கு ஸ்கூட்டரில் போய், அங்கே ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். சீனக்குடா தாண்டுவதற்குள் இரண்டு கண்ணாடியிலும் ஆவி படிந்து, எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று தெரியாமல் போய்விடும். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டால், மழை மணல் வாரி எறிவதுபோல் முகத்தில் அடிக்கும்.

செய்யாத வைத்தியம் இல்லை. பற்பசை பூசினேன், கீறல் விழுந்ததுதான் மிச்சம். பழைய பேப்பரால் துடைத்தேன், பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் தேங்காய் எண்ணெயை எடுத்தேன். தலைமுடிக்கும் வெடித்த குதிக்காலுக்கும் கதவுப் பிணைச்சலுக்கும் அதைத்தானே பூசுகிறோம், இதற்கு மட்டும் ஏன் ஆகாது? எண்ணெய் உள்ள இடத்தில் தண்ணீர் நிற்காது என்பது என் கணக்கு. அன்று எதிரே வந்த லொறியின் வெளிச்சம், உடைத்து ஊற்றிய முட்டைபோல் கண்ணாடி முழுவதும் பரவியது. வெள்ளைமணல் பக்கத்தில் தெருவில் படுத்திருந்த ஒரு கன்றோடு போய் மோதினேன். கன்று எழும்பி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போனது. எனக்குத்தான் முழங்கால் தோல் உரிந்தது, ஸ்கூட்டரின் பிரேக் பிடியும் வளைந்தது.

வீட்டில் பாடசாலைப் படியில் விழுந்ததாகப் பொய் சொன்னேன். அடுத்த கிழமையே நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் கேட்கும் படிவத்தை வாங்கி நிரப்பி, பைக்குள் வைத்துக்கொண்டேன். கொடுப்பதற்கு மாதக் கடைசி வரை நேரம் இருந்தது. நான் போய்விட்டால் என் வகுப்புக்குப் பௌதிகவியல் எடுக்க ஆள் இல்லை, சோதனைக்கோ இன்னும் ஏழு கிழமைதான். தெரியாமல் இல்லை. ஆனாலும் கிண்ணியாப் பாலத்தைக் கண்டதும் ஸ்கூட்டரைத் திருப்பிவிடத் தோன்றுகிறதே, அதற்கு என்ன செய்ய?

என் கணவர் சுழியோடி. துறைமுகத்தில் படகுகளின் விசிறியில் கயிறோ வலையோ சிக்கினால், கலங்கல் தண்ணீருக்குள் இறங்கிக் கைத்தடவலிலேயே அறுத்துவிட்டு வருவார். வீட்டில் அவருடைய கதை குறைவு. கடலுக்குள் இருந்து பழகியவர் கரையிலும் வாயைத் திறப்பதில்லை என்று நான் சீண்டுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முற்றத்துத் தண்ணீர்ப் பைப்படியில் என் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"உதுக்கு எண்ணெய் ஆர் பூசினது?"

"நான்தான். ஏன்?"

"நீர் பௌதிகவியல் டீச்சரெண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான்."

சவர்க்காரம் போட்டு எண்ணெயைக் கழுவினார். ஈரத்தை ஒற்றியெடுத்தார். பிறகு கண்ணாடியின் உட்பக்கத்தில் துப்பி, விரலால் நிதானமாகத் தேய்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன விசரே? அது நான் முகத்தில போடுறது."

"கடலுக்க போடுற என்ர முகக்கண்ணாடிக்கும் ஒவ்வொரு நாளும் இதுதான். துப்பித் தேய்ச்சு, கடல் தண்ணியில ஒருக்கா அலசிப்போட்டு, உடனே போட்டிடோணும். துடைக்கப்படாது. துடைச்சா பழையபடி ஆவி பிடிக்கும்."

மேற்பரப்பு இழுவிசை. தண்ணீரின் இழுவிசை குறைந்தால் அது துளித்துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவும், படலத்தினூடே பார்வை தடையில்லாமல் போகும். வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறி இதைத்தான் படிப்பிக்கிறேன். சாதாரணதரத்தோடு படிப்பை விட்ட மனிதர் இதைத் தன் முகத்தில் போட்டுக்கொண்டு தினமும் கடலுக்குள் இறங்குகிறார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாகவும் இருந்தது.

எச்சில் வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிக்க, குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூவில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து தந்தார். தந்துவிட்டுப் பைப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"ஷாம்பூ அரைவாசி வேலைதான் செய்யும். மிச்சம் உம்மட மூச்சிலதான் இருக்கு. பயந்தா மூச்சு கூடும், ஆவியும் கூடும். மெல்லமா, கீழ்ப்பக்கமா விடும்."

"நான் என்னத்துக்குப் பயப்பிடுறன்?"

"பிரேக் பிடியை நிமிர்த்தினது நான்தான். அதில மாட்டு மயிர் இருந்தது."

இரண்டு கிழமையாகத் தெரிந்துகொண்டே ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார். வேறொருவர் என்றால் ஸ்கூட்டரைப் பூட்டித் திறப்பை ஒளித்திருப்பார். ஸ்கூட்டர் ஓடாதே என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீர் சொன்னா நான் கடலை விடுவனே?" என்றார்.

படிவத்தைப் பற்றி மட்டும் அப்போதும் என்னால் வாய் திறக்க ஏலவில்லை.

மாதக் கடைசி நாள் நல்ல மழை. முதல் பாடம் முடிந்ததும் வலயக் கல்விக் கந்தோரில் படிவத்தைக் கொடுத்துவிடலாம் என்று புறப்பட்டேன். அவசரத்தில் ஷாம்பூ பூச மறந்துபோனேன். பாலத்தடிக்கு வர, இரண்டு கண்ணாடியிலும் ஆவி. ஸ்கூட்டரை ஓரத்தில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினேன். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். இரண்டு கண்ணாடியிலும் துப்பினேன். தேய்த்து, மழையில் ஒருதரம் நீட்டி அலசிவிட்டுத் திரும்பினால், கடைத் தாழ்வாரத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர்.

"டீச்சர், என்ன செய்யிறீங்க?"

"மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறன்," என்றேன். "சோதனைக்கு வரும், படியுங்கோ."

ஹெல்மெட்டைப் போட்டு, மூச்சை மெல்லக் கீழே விட்டேன். பாலம் முழு நீளத்துக்கும் தெரிந்தது. இரண்டு பக்கமும் சாம்பல் தண்ணீர், நடுவே ஒரு தோணி, அதில் ஒருவர் வலை இழுப்பதுகூடத் தெரிந்தது. ஸ்கூட்டரைத் திருப்பவும் தோன்றவில்லை. முதல் பாடம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது, நான் வகுப்பை விட்டு வெளிக்கிடவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், நனைந்த படிவத்தை எடுத்துக் கதிரையில் போட்டு, எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். கடைசி நாள் இன்றுதான், கொடுக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் படிவத்தைத் தொடவில்லை. ஹெல்மெட்டை எடுத்து, கண்ணாடியின் உட்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது ஷாம்பூ இல்லை," என்றார்.

"ஓம், இல்லை."

"அப்ப நீர் எங்கட ஆள்," என்று சொல்லி, அதைத் துடைக்காமல் ஆணியில் மாட்டினார்.