பங்குதாரர் கூட்டத்தில் வாப்பா கேட்ட கேள்வி

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். பிள்ளை எங்கும் போவதில்லை. எனக்கான வீட்டை வாப்பா எங்கள் வீட்டு வளவின் வடக்குப் பக்கத்தில், நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கினார். அவருக்கு மூன்று ஏக்கர் வயல்தான். நல்ல போகம் வந்தால் சுவர் ஒரு முழம் உயரும். வராவிட்டால் அந்த வருடம் அரைச்சுவரில் ஆடுகள் ஏறி நிற்கும். நான் உயர்தரம் படிக்கும்போது ஒருவழியாகக் கூரை போட்டாயிற்று. கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் என்று ஐயாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்.

அந்த ஐயாயிரத்தைப் பங்கில் போடச் சொன்னது நான்.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு அப்போது நிறையவே இருந்தது. இப்போதும் குறைந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் நான் வாசித்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு அது கடிதமாகும். இலங்கையில் திறந்த பொருளாதாரம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. பாடசாலை நூலகத்துக்கு வரும் பத்திரிகையில், பூட்டும் பிணைச்சலும் செய்யும் கம்பெனி ஒன்று பொதுமக்களுக்குப் பங்கு விற்பதாக அரைப் பக்க விளம்பரம் போட்டிருந்தது. ஒரு பங்கு பத்து ரூபாய். நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து வாப்பாவுக்கு மூன்று நாள் விளக்கினேன். வருடா வருடம் பங்கிலாபம் வரும், அதிலேயே கதவு போடலாம், முதல் அப்படியே இருக்கும் என்றேன்.

வாப்பா பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டுவிட்டு வந்தார். அவர்கள் கதைத்ததை வீட்டில் வந்து அப்படியே சொன்னார்.

"‘என்ன செய்யிற கம்பெனி?’ எண்டார். பூட்டு எண்டன். ‘வட்டிக்குக் குடுக்கிறதில்லையே?’ எண்டார். இல்ல எண்டன். ‘லாபம் வந்தா லாபம், நட்டம் வந்தா நட்டமா?’ எண்டார். ஓம், மகள் அப்பிடித்தான் சொல்றா எண்டன். ‘அப்ப யாவாரந்தானே, செய்யுங்க’ எண்டுட்டார்."

அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தா. "மூணு நாளா இந்த ஊட்டில லாபத்தப் பத்தித்தான் கதை. நட்டம் எண்ட சொல்ல இண்டைக்குத்தான் கேக்கிறன். மௌலவி கேட்டிராட்டி அதுவும் வந்திரிக்காது."

ஐந்நூறு பங்கு வாங்கினோம். பத்திரத்தில் முதல் பெயர் வாப்பாவுடையது, இரண்டாவது என்னுடையது. வீடு எனக்கு என்பதால் கதவுக் காசும் எனக்குரியதுதான் என்பது அவருடைய கணக்கு.

முதல் வருடம் காசோலை வந்தது. வாப்பா வெள்ளிக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனார். பெரிய தொகை இல்லை, ஆனாலும் கதவுக்கு நிலை செய்ய ஆசாரியிடம் அளவு கொடுத்துவிட்டு வந்தார். இரண்டாம் வருடம் கடிதம் மட்டும் வந்தது. இந்த ஆண்டு பங்கிலாபம் இல்லை என்று ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அதற்கு முன்பே பத்திரிகையில் விலை இறங்கத் தொடங்கியிருந்தது. பத்து ரூபாய் எட்டானது, எட்டு ஆறானது.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் எழுந்த கேள்விகளை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நான் பாடசாலையால் வந்ததும் வாப்பா, "இண்டைக்கு என்ன விலை?" என்பார். சொல்வேன். "கம்பெனி அங்கதானே இரிக்கி? பூட்டுச் செய்யிறாங்கதானே? பொறகு ஏன் விலை இறங்குது?" என்பார். எனக்குத் தெரிந்த பொருளியலில் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அவருக்குச் சொல்லும்போது அது எனக்கே விளங்காமல் போனது. இன்னும் விழும், விற்றுவிடுவோம் என்று நான் சொன்ன அன்று உம்மா குறுக்கே வந்தா.

"நாம விக்கிறத ஒருத்தன் வாங்கத்தானே வேணும்? அவன் மட்டும் என்ன, பைத்தியமா? அவனுக்கு என்னமோ தெரிஞ்சிரிக்கி."



எனக்கு விற்க வேண்டும் போலிருந்ததற்குக் காரணம் பொருளியல் அல்ல. கதவில்லாத அந்த வீட்டைத் தினமும் தாண்டித்தான் கிணற்றுக்குப் போக வேண்டும். வாசலில் சாக்குத் தொங்கியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் உள்ளே முட்டையிட்டன. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "ஒங்கட ஊடு நல்ல காத்தோட்டம்" என்று சிரித்தாள். மிச்சமிருப்பதையாவது எடுத்துச் சாக்கைக் கழற்றினால் போதும் என்றிருந்தது. வாப்பா ஒரு நாளும், "நீதானே சொன்னாய்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவர் வேறொன்று செய்தார். கல்முனைச் சந்தையில் இரண்டு ஆமைப்பூட்டு வாங்கி வந்தார். ஒன்று எங்கள் கம்பெனியுடையது. மற்றது வெளிநாட்டுப் பூட்டு, பாதி விலை. இரண்டையும் கடற்பக்க வேலியில் கம்பியில் கொழுவிவிட்டார். நாற்பது நாளின் பின் வெளிநாட்டுப் பூட்டுக்குள் சாவி போகவில்லை. கடற்காற்றில் துரு பிடித்திருந்தது. எங்களுடையது கொஞ்சம் கறுத்திருந்தாலும் கிளிக்கென்று திறந்தது.

"நம்மட பூட்டு நல்ல பூட்டு," என்றார் வாப்பா. "அப்ப ஆக்கள்தான் எப்பிடி எண்டு பாக்கோணும்."

அந்த நேரத்தில்தான் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கான அறிவித்தல் கொழும்பிலிருந்து வந்தது. வரமுடியாதவர்கள் தமக்குப் பதிலாக ஒருவரை நியமிக்க ஒரு படிவமும் இருந்தது. சிறிய பங்குதாரர்கள் யாரும் இதற்கெல்லாம் போவதில்லை, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்றேன்.

வாப்பாவுக்கு அது தலையில் ஏறவேயில்லை. அவருக்குக் கூட்டம் என்றால் போகக் கூட்டம். ஒவ்வொரு விதைப்புக்கும் முன்னால் வயற்காரர் எல்லாரும் கூடி, குளத்துத் தண்ணீர் எந்த நாளில் திறப்பது, எத்தனை நாள் விடுவது என்று பேசி முடிக்கும் கூட்டம். நூறு ஏக்கர் போடியாரும் அங்கே இருப்பார், அரை ஏக்கர்க்காரனும் இருப்பான். போகாதவனுடைய வாய்க்காலுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வரும், அதுவும் வந்தால்தான்.

"அஞ்சூறு பங்கு இரிக்கி, கூட்டத்துக்குப் போகாம ஊட்டில இரிக்கிறதா? நல்ல கதை! வெளிக்கிடு, மகள்."

விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி, பின்னேரம் கொழும்பில் இறங்கினோம். எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு அங்கே துணிக்கடை இருந்தது. அன்றிரவு அவர் குடும்பத்துடன் தங்கி, அடுத்த நாள் காலை மண்டபத்துக்குப் போனோம். வாசலில் இருந்தவர் வாப்பா உடுத்திருந்த சாரத்தையும் என் முக்காட்டையும் பார்த்துவிட்டு, வேறு இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தார். நான் ஆங்கிலத்தில் எங்கள் இரண்டு பெயரையும் சொன்னேன். பட்டியலில் விரலை ஓட்டி இரண்டையும் கண்டுபிடித்தார். அந்த நிமிடத்தை நான் மிகவும் ரசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

மண்டபத்தில் அறுபது பேர் இருந்திருக்கலாம். பெரும்பாலும் டை கட்டிய வயதானவர்கள். என்னைத் தவிர இரண்டு பெண்கள். மேடையில் தலைவரும் இயக்குநர்களும் இருந்தார்கள். தலைவர் அறிக்கையை வாசித்தார். கேள்விகள் உண்டா என்றார். யாரும் எழவில்லை. பின்னால் தேநீர்க் கோப்பைகள் அடுக்கும் சத்தம் கேட்டது. வாப்பா முழங்கையால் என்னை இடித்தார்.

பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்த கேள்வியைக் கேட்டேன்: ஏன் பங்கிலாபம் இல்லை, அடுத்த வருடம் வருமா? தலைவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மலிவான பூட்டுகள் இறக்குமதியாகின்றன, புதிய இயந்திரம் வாங்க வேண்டும், வாக்குறுதி தர முடியாது. வாப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். தலையாட்டினார். பிறகு என் காதில் சொன்னார்:

"தண்ணி குறைஞ்ச வருசம் நம்மட வயல் வட்டையில எல்லாரும் விதைப்பக் குறைப்பம். மேல்மடைக்காரனும் குறைப்பான், போடியாரும் குறைப்பார். நம்மளுக்கு இந்த வருசம் ஒண்டும் இல்ல. மேல இரிக்கிற இவங்க தங்கட பங்கக் குறைச்சாங்களா எண்டு கேளு."

எனக்கு முகம் சுட்டது. இவ்வளவு பேருக்கு முன்னால், டை கட்டிய மனிதர்களிடம், மடையையும் வட்டையையும் பற்றியா? நான் எழுந்து, இயக்குநர்கள் எதிர்காலம் பற்றி நம்பிக்கையோடு இருக்கிறார்களா என்று என் தகப்பன் அறிய விரும்புகிறார் என்றேன். தலைவர் சிரித்து, மிகவும் நம்பிக்கையோடு இருக்கிறோம் என்று நாலு வசனம் சொன்னார். அமர்ந்துகொண்டேன்.

"என்ன சொல்றார்?"

"நம்பிக்கையா இரிக்காங்களாம், வாப்பா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "நான் கேட்டதுக்கு ஓம் எண்டு சொல்லோணும், இல்லாட்டி இல்ல எண்டு சொல்லோணும். இவ்வளவு நேரம் என்னத்தச் சொன்னார்? நீ நான் சொன்னதக் கேக்கல்ல." குரலில் கோபம் இல்லை. "கேக்க ஏலாட்டி இரி, மகள். நான் தமிழிலயே கேக்கிறன். ஆராவது விளங்கிறவங்க இரிப்பாங்க."

எழுந்தேவிட்டார். சாரத்தைச் சரிசெய்துகொண்டு, போகக் கூட்டத்தில் கதைக்கும் அதே குரலில், ஒலிவாங்கி தேவையில்லாத குரலில், தண்ணீர் குறைந்த வருடத்திலிருந்து தொடங்கினார். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தினார். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படித்தது எதற்காக என்று அப்போதுதான் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

எழுந்தேன். குளம், வாய்க்கால், மேல்மடை, விதைப்பைக் குறைப்பது எல்லாவற்றையும் அவர் சொன்ன ஒழுங்கிலேயே ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியாகக் கேட்டேன்: இந்த ஆண்டு இயக்குநர்களாகிய நீங்கள் எடுக்கும் கட்டணத்தைக் குறைத்தீர்களா?

பின்வரிசையில் ஒரு முதியவர் கைத்தடியால் தரையைத் தட்டி, நல்ல கேள்வி, நல்ல கேள்வி என்றார். சிலர் சிரித்தார்கள். தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "இல்லை, குறைக்கவில்லை. இது நியாயமான கேள்வி. இதை இயக்குநர் சபையில் வைக்கிறேன்," என்றார்.

"இல்ல எண்டு வாயால சொன்னாரா?" என்றார் வாப்பா.

"ஓம், வாப்பா."

"அப்ப சரி." இருந்துகொண்டார்.

தேநீர் நேரத்தில் அந்த முதியவர் வந்து வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினைந்து வருடமாகத் தான் வருவதாகவும், எப்போதும் தேநீரோடு தரும் இறைச்சிப் பற்றிஸைச் சாப்பிட்டுவிட்டு மட்டும் போவதாகவும் சொன்னார். வாப்பா பற்றிஸை என்ன இறைச்சி என்று தெரியாமல் தொடவில்லை. வாழைப்பழம் இரண்டு எடுத்து, ஒன்றை எனக்குத் தந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், முதல் தடவை நான் வேண்டுமென்றே கேள்வியை மாற்றியதைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது என்றேன்.

"தெரியும்," என்றார். "ரெண்டாந்தரம் சரியாக் கேட்டதானே?"

"விப்பமா, வாப்பா?"

"பூட்டு நல்லம். அந்தாள் பொய் சொல்லல்ல. ஒளிச்சிரிந்தா நாளைக்கே விக்கச் சொல்லிரிப்பன். இரிக்கட்டும். கதவுக்கு அடுத்த போகத்த நம்புவம்."

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்டது ஒன்றுதான். "காசு கிடைச்சா?"

"இல்ல."

"பொறகு ரெண்டு பேரும் என்னத்துக்கு இவ்வளவு சிரிப்பு?"

எங்கள் கேள்வியால் அந்தக் கம்பெனி திருந்தியது என்று எழுத எனக்கு ஆசைதான். இயக்குநர் கட்டணம் குறைந்ததா என்று அடுத்த அறிக்கையில் தேடினேன். சிறிது குறைந்திருந்தது, காரணம் எழுதியிருக்கவில்லை. பங்கிலாபம் அந்த வருடமும் இல்லை. அதற்கடுத்த வருடம் கொஞ்சம் வந்தது. விலை ஒன்பதைத் தொட்ட போது பாதியை விற்றோம். வாங்கிய விலைக்குக் குறைவுதான். அந்தக் காசோடு ஒரு போகத்து நெல் விற்ற காசும் சேர்ந்ததில் முன்கதவும் பின்கதவும் மூன்று சன்னல்களும் வந்தன. முன்கதவுக்கு வாப்பா எந்தப் பூட்டு வாங்கினார் என்று சொல்லத் தேவையில்லை.

நான் இப்போது ஊரில் ஆசிரியை. அந்த வீட்டில்தான் இருக்கிறேன். அன்று நான் சொன்னதை நம்பி அவர் போட்ட காசு நட்டமானபோதும், அடுத்த கடிதம் வந்த நாளில் வாப்பா அதை என்னிடம்தான் நீட்டினார், "என்ன எழுதியிரிக்காங்க, பாரு மகள்" என்று. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்கிருந்த நன்றியை எந்த மொழியிலும் அவருக்குச் சொல்லிவிட முடியவில்லை.

நான்காவது சன்னலுக்கு இன்னும் பலகைதான் அடித்திருக்கிறது. அதன் காசு மிச்சப் பங்குகளில் இருக்கிறது. வாப்பா பின்னேரங்களில் வந்தால், அந்தப் பலகையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கேட்பார்:

"இண்டைக்கு என்ன விலை, மகள்?"