பழவேற்காட்டுக்குப் போன டோக்கன் பலகை

மாலை மூன்றரை மணிக்கு, பழவேற்காட்டுக் கரையில், எங்கள் கம்பெனியில் ஆள்கணக்கு பார்க்கும் பர்சனல் ஆபீசர் டோக்கன் பலகையைப் பார்த்துவிட்டு, "டேலி ஆயிடுச்சு" என்றார். அந்த நேரத்தில் என் மகள் செல்வி ஏரிக்கு அந்தப் பக்கம், மணல்திட்டில் இருந்தாள்.

கும்மிடிப்பூண்டி பக்கம் போல்ட், நட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். காலையில் கேட்டில் ஒவ்வொருவரும் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனைப் பலகையில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

செல்வி இரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில்தான் முதல் தடவையாக எங்களைக் குடும்பத்தோடு சுற்றுலா கூட்டிப்போனார்கள். ஆபீசர் அந்தப் பலகையையும் லாரியில் ஏற்றினார். படகு ஏறும்போது டோக்கனை எடுத்துப்போய், கரைக்குத் திரும்பியதும் மாட்டவேண்டும் என்றார்.

"சார், தண்ணில லேட்டா எறங்குனா அரை நாள் கட்டா?" என்று லேத் மெஷின் தனபால் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆபீசர் சிரிக்கவில்லை.

படகில் மணல்திட்டுக்குப் போனோம். பிள்ளைகள் ஈர மணலில் கோட்டை கட்டினார்கள், நண்டைத் துரத்தினார்கள், காற்றாடி விட்டார்கள். வாயில் கரண்டியைக் கடித்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தோடு ஓடினார்கள். ஆபீசரின் மகனும் ஓடினான். அவனைப் பார்த்துக்கொள்ளும் வேலையை டிரைவரிடம் விட்டிருந்தார். அந்த மதியம் வரை அது நல்ல நாள்தான். அதை நான் மறுக்கவில்லை.

திரும்பும்போது பெண்களும் பிள்ளைகளும் முதல் படகு என்றார்கள். எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்த அண்டாக்களைக் கழுவ என்னை நிறுத்திவைத்தார்கள். "பசங்கள்லாம் ஏறிட்டாங்க, நீங்க வேலையப் பாருங்க" என்றார் ஆபீசர். நான் கடைசிப் படகில் வந்து இறங்கி, டோக்கனை மாட்டிவிட்டுச் செல்வியைத் தேடினேன். லாரியில் இல்லை. தர்பூசணி வெட்டுகிற இடத்திலும் இல்லை. முதல் படகில் வந்தவர்கள், "உன்கூட வருதுன்னு நெனச்சோம்" என்றார்கள்.

ஆபீசரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஒரு ஆணி கூட காலியா இல்லம்மா. நீங்களே பாருங்க" என்றார்.

"செல்விக்கு ஏது சார் டோக்கன்?"

அவர் வாட்சைப் பார்த்தார். "இங்கதான் எங்கியாவது வெளையாடிட்டிருக்கும். மேனேஜர் பிரைஸ் குடுக்க வர்ற நேரம், கத்தாதீங்க" என்றார்.

கடல் காற்று எழும்பியிருந்தது. ஏரித் தண்ணீர் கலங்கி, அலை படகுகளின் பக்கத்தில் மோதியது. திட்டின் மேட்டுக்குப் பின்னால் யார் இருந்தாலும் இங்கிருந்து தெரியாது. படகை அனுப்பச் சொன்னேன். இந்தக் காற்றில் படகுக்கு ஏதாவது ஆனால் தான்தான் பதில் சொல்லவேண்டும் என்றார். படகுக்குப் பதில் சொல்வாராம்.

படகுக்காரர் ஏகாம்பரம் பீடியைக் கீழே போட்டார். "இன்னா சார் பேஜாரு பண்ற? புள்ள அந்தாண்ட கீது, நீ பலகைய பாத்துக்கினு நிக்கிற" என்று சொல்லிக் கழியை ஊன்றித் தள்ளினார். என்னையும் ஏற்றச் சொன்னேன். "நீ வாணாமா. உன்னப் பாக்கறதா, புள்ளயப் பாக்கறதா?" என்றார்.

செல்வி இப்போது எட்டாம் வகுப்பு. பள்ளியில் சுற்றுலா என்று அவள் சொன்னாலே எண்ணப்போவது யார் என்றுதான் இன்றும் முதலில் கேட்கிறேன். இனி குடும்பவிழா நடத்தப்போகும் இளைய சூப்பர்வைசர்களுக்குச் சொல்கிறேன்: கேட்டில் ஆள் எண்ணுகிற முறை, வேலைக்கு ஆள் வந்தானா என்று பார்க்க மட்டும்தான். பிள்ளையைக் கையால் தொட்டு எண்ணுங்கள். தொடாமல் "டேலி" என்று யார் சொன்னாலும், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், படகை நகரவிடாதீர்கள்.

வெயில் சாய்ந்த பிறகுதான் படகு தெரிந்தது. அதற்குள் மேனேஜர் வந்து, பலகைக்குப் பக்கத்தில் ஆபீசர் நின்று, பிரைஸ் கொடுத்து முடித்திருந்தார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். செல்வியை ஏகாம்பரம் தூக்கி என் கையில் கொடுத்தார். அவள் பாவாடை முழுக்கக் கிளிஞ்சல். பிறகு படகுக்குள் குனிந்து, அழுது ஓய்ந்திருந்த ஒரு பையனையும் தூக்கினார்.

"இவன் யார் புள்ளமா? அப்பன் பேரு இன்னாடான்னு கேட்டா, ஆபீசருங்கறான். இங்க யாரு ஆபீசரு?"